நூலில் புடைத்தெழும் யானை: புதிதாகப் பின்னுவோருக்கான முதல் சதுரம்

நிட்டிங் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் முதலில் ஒரு மஃப்ளர் பின்னச் சொல்வது வழக்கம். கண்ணிகளை, அதாவது நூல் வளையங்களை, ஊசியில் போட்டு, நிட், பர்ல் என்ற இரண்டு அடிப்படைப் பின்னல்களில் நிட்டை மட்டும் எல்லா வரிசைகளிலும் பின்னிக்கொண்டு போனால் போதும், கை பழகிவிடும் என்பார்கள். கை பழகுவது உண்மைதான். ஆனால் அந்த மஃப்ளர் பாதி வளர்வதற்குள் பெரும்பாலானவர்கள் ஊசியைப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள் என்பதையும், முழுவதும் பின்னி முடித்தவர்கள்கூடத் தங்கள் ஊசியில் தொங்கும் துணியைப் பார்த்து எது நிட், எது பர்ல் என்று சொல்லத் தடுமாறுகிறார்கள் என்பதையும் நான் குன்னூரில் என் வீட்டுக்குப் பின்னக் கற்க வரும் பெண்களிடம் தொடர்ந்து பார்த்துவருகிறேன். ஒரே அசைவை ஆயிரம் முறை செய்தால் கைக்கு வேகம் வரும்; கண்ணுக்கு எதுவும் வராது. நிட்டிங்கில் கண்தான் முதலில் பழக வேண்டும்.

அதனால் என்னிடம் வருகிறவர்களுக்கு நிட், பர்ல் இரண்டையும் சொல்லிக்கொடுத்த கையோடு ஒரு யானையைப் பின்னச் சொல்கிறேன். இருபது சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு சதுரம். அதன் நடுவே, அதே நிற நூலில், வேறு நூல் எதுவும் சேராமல், துணியின் பரப்பிலிருந்து புடைத்து நிற்கும் ஒரு யானை. இப்படிப் பல சதுரங்கள் சேர்ந்தால் ஒரு போர்வையாகும். ஒன்றே ஒன்று முடிந்தாலும் பின்னலின் அடிப்படை முழுவதும் அதற்குள் வந்துவிடுகிறது. சதுரம் சிறியது என்பதால் சலிப்பு வருவதற்குள் முடிந்துவிடும். அதைவிட முக்கியமானது, ஒவ்வொரு இரண்டாவது வரிசையிலும் துணியைப் பார்த்துத்தான் அடுத்த கண்ணியைத் தீர்மானிக்க வேண்டும் என்பதால், பின்னுகிறவர் தன் துணியைப் படிக்கக் கற்றுக்கொண்டேவிடுகிறார்.

புடைப்பு எப்படி வருகிறது என்பதை முதலில் புரிந்துகொள்வது நல்லது. நிட்டும் பர்லும் இரண்டு வேறு கண்ணிகள் அல்ல. ஒரே கண்ணியின் முன்பக்கமும் பின்பக்கமும்தான். நிட் பின்னும்போது புதிய வளையம் பழைய வளையத்துக்குள் பின்னாலிருந்து முன்னால் இழுக்கப்படுகிறது. நம்மை நோக்கிய பக்கத்தில் வழவழப்பான ஒரு சிறிய ‘வி’ வடிவம் தெரியும். பர்ல் பின்னும்போது புதிய வளையம் முன்னாலிருந்து பின்னால் தள்ளப்படுவதால், பழைய வளையத்தின் தலை நம் பக்கத்தில் ஒரு சிறிய முடிச்சுபோல் நின்றுவிடும். ஒரு வரிசை நிட், திருப்பி ஒரு வரிசை பர்ல் என்று மாற்றி மாற்றிப் பின்னினால் முன்பக்கம் முழுவதும் ‘வி’களாகவும், பின்பக்கம் முழுவதும் முடிச்சுகளாகவும் இருக்கும் ஸ்டாக்கினெட் துணி கிடைக்கும். அந்த வழவழப்பான முன்பக்கத்தில் ஓரிடத்தில் மட்டும் பர்ல் கண்ணிகளை வைத்தால் அந்த இடம் மேடாகத் தெரியும். யானை உருவாவது அந்த மேட்டில்தான்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வெறும் ஸ்டாக்கினெட் துணியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அது சுருண்டுகொள்ளும் என்பது தெரியும். இடது, வலது ஓரங்கள் பின்பக்கமாகச் சுருளும். மேல், கீழ் ஓரங்கள் முன்பக்கமாகச் சுருளும். இதே இழுவிசை துணியின் நடுவிலும் வேலை செய்கிறது. நிட் பரப்பும் பர்ல் பரப்பும் செங்குத்தான கோட்டில் சந்திக்கும்போது, நிட் முன்னால் வந்து பர்ல் உள்வாங்கும்; ஸ்வெட்டரின் கைப்பட்டியில் இருக்கும் வரிவரியான இழுவைப் பின்னல் இதனால்தான் உருவாகிறது. இரண்டும் படுக்கைக் கோட்டில் சந்திக்கும்போது நேர்மாறாக, பர்ல் முன்னால் வந்து நிட் உள்ளே போகும். ஆகவே ஒரு யானையைப் பர்லில் பின்னினால் அதன் முதுகும் வயிறும் நன்றாக மேடேறி நிற்கும். கால்களும் தும்பிக்கையும் சற்றே உள்வாங்கும். இது குறையாகத் தோன்றலாம். உண்மையில் உடல் முன்வந்து, கால்கள் அதன் நிழலில் நிற்பதுபோன்ற ஓர் ஆழத்தை இதுதான் தருகிறது. ஆனால் கால்களை இரண்டு கண்ணி அகலத்துக்கு வரைந்துவிட்டால் அவை பள்ளத்துக்குள் காணாமலே போய்விடும். நான்கு கண்ணிக்குக் குறையாமல் வைத்தால் தப்பும்.

ஒரே நூலில் நிட்டையும் பர்லையும் இடம்மாற்றிப் படம் வரைவது பழைய கலை. ஃபிளாரன்ஸ் நகரில், 1562-இல் இறந்த டொலேடோவின் எலியனோரா என்ற சீமாட்டியுடன் புதைக்கப்பட்ட சிவப்புப் பட்டுக் காலுறைகளில் பர்ல் கண்ணிகளால் அமைந்த அலங்காரம் இருக்கிறது. இங்கிலாந்தின் முதலாம் சார்லஸ் மன்னர் 1649 ஜனவரி 30 அன்று தலை துண்டிக்கப்பட்டபோது அணிந்திருந்ததாகச் சொல்லப்படும் பட்டு உட்சட்டை ஒன்று லண்டன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது. வெளிர் நீலப்பச்சை நிறத்தில், முழுக்க முழுக்க நிட்-பர்ல் கோலங்களால் ஆனது. பிரிட்டனின் கடற்கரை ஊர்களில் மீனவர்களுக்காகப் பின்னப்பட்ட கான்சி என்னும் கருநீல ஸ்வெட்டர்களில் ஏணியும் கொடியும் நங்கூரமும் இதே முறையில்தான் எழுந்தன. கடற்காற்றுக்குத் தாங்கும்படி இறுக்கமாக முறுக்கிய ஐந்து புரி நூலை மெல்லிய ஊசிகளில் நெருக்கமாகப் பின்னியதால் அந்தக் கோலங்கள் துல்லியமாகத் தெரிந்தன. முறுக்கு இறுகிய நூலில் புடைப்பு எடுப்பாக விழும் என்ற பாடம் இன்றைக்கும் பொருந்தும்.

எந்த விலங்கை எடுப்பது என்பது அடுத்த கேள்வி. புடைப்புப் பின்னலில் நிறம் கிடையாது, கண் கிடையாது, முகபாவம் கிடையாது. வெளிக்கோடு மட்டுமே உண்டு. நிழலை மட்டும் பார்த்து அடையாளம் சொல்ல முடிகிற விலங்குதான் இதற்குத் தகும். யானை, முயல், வாத்து, ஆமை, மீன், முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் பூனை ஆகியவை நன்றாக வரும். புலியை அதன் வரிகளிலிருந்து பிரித்துவிட்டால் அது ஏதோ ஒரு நான்குகால் விலங்காகிவிடும். பசுவும் குதிரையும் இந்தச் சிறிய அளவில் ஒன்றுபோலவே தெரியும். கண் வைக்கிறேன் என்று பர்ல் பரப்புக்கு நடுவே ஒரே ஒரு நிட் கண்ணியைப் போடுவதும் பயன்தராது. சுற்றியுள்ள முடிச்சுகள் அதை மூடிவிடும். தும்பிக்கையும் தடித்த கால்களும் வளைந்த முதுகும் உள்ள யானையைப்போல் புதியவர்களின் கைக்கு ஒத்துழைக்கும் விலங்கு வேறில்லை என்பது என் முடிவு.

நூலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளிர் நிறத்தில், ஒரே நிறமாக இருக்க வேண்டும். கறுப்பும் கருநீலமும் நிழலை விழுங்கிவிடும் என்பதால் முதல் சதுரத்துக்கு வேண்டாம். ஒரே உருண்டையில் பல நிறம் மாறிவரும் நூல் யானையைத் துண்டுதுண்டாக்கிவிடும். பஞ்சுபோல் மயிர்விடும் நூலும் கூடாது. நம் ஊர்க் கடைகளில் உல்லன் என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக். லூதியானாவிலிருந்து வரும் வர்த்மான், ஓஸ்வால் போன்றவற்றின் நூல்கள் எளிதாகக் கிடைக்கின்றன. கற்பதற்கு அக்ரிலிக்கே போதும். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் பருத்தி நூலில் பின்னினால் போர்வை அந்த வெப்பத்துக்கு ஒத்துவரும். கோலமும் பளிச்சென்று தெரியும். பருத்தியில் இழுவை குறைவு என்பதால் கை சீக்கிரம் வலிக்கும், போர்வையும் கனக்கும். நடுத்தரத் தடிமனுள்ள நூலானால் 100 கிராமில் நான்கு சதுரங்களாவது வரும்.

ஊசி 4.5 மில்லிமீட்டர். கடையில் எண்ணைச் சொல்லிக் கேட்பவர்கள் கவனிக்க வேண்டும்: பழைய பிரிட்டிஷ் முறையில் எண் கூடக்கூட ஊசி மெலியும், அமெரிக்க முறையில் எண் கூடக்கூட ஊசி தடிக்கும். 4.5 மில்லிமீட்டர் ஊசிக்கு மட்டும் இரண்டு முறையிலும் எண் 7 என்பதால் இதில் குழப்பம் வராது. மூங்கில் ஊசியில் கண்ணி வழுக்காது. தொடக்கத்துக்கு அது நல்லது.

இந்த ஊசியில் இந்த நூலைப் பின்னினால் பத்து சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 20 கண்ணிகளும் 28 வரிசைகளும் வரும். ஒரு கண்ணியின் அகலம் 5 மில்லிமீட்டர். ஒரு வரிசையின் உயரம் அதைவிடக் குறைவு, 3.5 மில்லிமீட்டர் அளவுதான். இந்த ஏற்றத்தாழ்வை மறந்து சாதாரணக் கட்டத்தாளில் அழகான யானையை வரைந்து, கட்டத்துக்கு ஒரு கண்ணி என்று பின்னினால் துணியில் யானை நசுங்கிக் குட்டையாகிவிடும். எனவே கட்டத்தாளை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். வெள்ளைத் தாளில் 5 மில்லிமீட்டர் அகலமும் 7 மில்லிமீட்டர் உயரமும் உள்ள கட்டங்களை ஸ்கேல் வைத்து வரையுங்கள். ஒரு கட்டம் என்பது ஒரு கண்ணி, இரண்டு வரிசை. இப்படி வரைந்தால், தாளில் தெரியும் யானை துணியில் வரப்போகும் யானையின் அதே அளவிலும் அதே வடிவிலும் இருக்கும். முடித்த சதுரத்தை அதன்மேல் வைத்தே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஒரு கட்டத்துக்கு இரண்டு வரிசை என்பதில் இன்னொரு பெரிய வசதி இருக்கிறது. முன்பக்க வரிசைகளுக்கு மட்டும் தாளைப் பார்த்தால் போதும். திருப்பிப் பின்பக்க வரிசை பின்னும்போது தாளை மூடிவைத்துவிட்டு, ஊசியில் எதிரே நிற்கும் கண்ணி எப்படித் தெரிகிறதோ அப்படியே பின்னிக்கொண்டு போகலாம்: ‘வி’ தெரிந்தால் நிட், முடிச்சு தெரிந்தால் பர்ல். துணியைப் படிக்கும் பழக்கம் உருவாகும் இடம் இந்தப் பின்பக்க வரிசைதான். நான் யானையை முதல் பாடமாக வைத்திருப்பதற்குக் காரணமும் அதுவே.

இப்போது பின்னத் தொடங்கலாம். 40 கண்ணிகளை ஊசியில் போடுங்கள். முதல் 8 வரிசைகளை முழுக்க நிட்டாகவே பின்னுங்கள். கார்ட்டர் எனப்படும் இந்தப் பின்னல் இருபுறமும் ஒன்றுபோல் இருப்பதால் சுருளாது. சதுரத்தைத் தட்டையாக வைத்திருக்கும் சட்டம் இதுதான். இதே காரணத்துக்காக, இனிவரும் எல்லா வரிசைகளிலும் முதல் 4 கண்ணிகளும் கடைசி 4 கண்ணிகளும் எப்போதும் நிட்டாகவே இருக்கும். துணியைப் பார்த்துப் பின்னும் விதி இந்த எட்டுக் கண்ணிகளுக்கு மட்டும் பொருந்தாது. ஓரத்தை நான்கு கண்ணிக்கு மேல் அகலமாக்க வேண்டாம். கார்ட்டர் வரிசைகள் ஸ்டாக்கினெட் வரிசைகளைவிட உயரம் குறைந்தவை என்பதால், அகலமான ஓரம் பக்கவாட்டில் துணியை இழுத்து நடுப்பகுதியை உப்பச் செய்துவிடும்.

அடுத்து 10 வரிசைகள் வெறும் ஸ்டாக்கினெட்: முன்பக்கத்தில் 40 கண்ணிகளும் நிட், பின்பக்கத்தில் 4 நிட், 32 பர்ல், 4 நிட். யானை நிற்கப்போகும் தரை இது.

யானையின் கால்களிலிருந்து தொடங்குகிறோம். முன்பக்க வரிசையை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் பின்னல் அந்தத் திசையில்தான் நகர்கிறது. 12 நிட், 4 பர்ல், 4 நிட், 4 பர்ல், 16 நிட், மொத்தம் 40. முதலில் வருவது பின்னங்கால், அடுத்தது முன்னங்கால். திருப்பியதும் துணியே வழிசொல்லும்: ஓரத்து 4 நிட்டுக்குப் பிறகு 12 முடிச்சுகள் தெரியும், அவற்றைப் பர்லாக்குங்கள், பிறகு 4 ‘வி’, 4 முடிச்சு, 4 ‘வி’, 8 முடிச்சு, கடைசியில் ஓரம் 4. இந்த இரண்டு வரிசைகளை மீண்டும் ஒருமுறை பின்னினால் பாதங்கள் முடிந்தன.

இனித் தும்பிக்கையின் நுனி சேர வேண்டும். முன்பக்கத்தில் 12 நிட், 4 பர்ல், 4 நிட், 4 பர்ல், 2 நிட், 3 பர்ல், 11 நிட், பின்பக்கத்தில் தெரிவதுபோல். இதையும் இரண்டு முறை, ஆக 4 வரிசைகள். தும்பிக்கைக்கும் முன்னங்காலுக்கும் நடுவே இருக்கும் அந்த 2 நிட் கண்ணிகள் மெல்லிய பிதுக்கமாக எழுந்து இரண்டையும் பிரித்துக்காட்டும். மூன்று கண்ணித் தும்பிக்கை மற்ற எல்லாவற்றையும்விட மெலிந்து உள்வாங்கும்; அது தும்பிக்கைக்குப் பொருத்தமாகவே இருக்கிறது.

கால்களுக்கு மேலே வயிறு. 12 நிட், 12 பர்ல், 2 நிட், 3 பர்ல், 11 நிட். பின்பக்கத்தோடு சேர்த்து மூன்று முறை, 6 வரிசைகள். இதன் முதல் வரிசையைப் பின்னும்போது கவனித்துப் பாருங்கள்: கால்களுக்கு நடுவே இருந்த நிட் கண்ணிகளின் மேல் படுக்கைக் கோட்டில் பர்ல் விழுகிறது. இரண்டு வரிசை ஏறியதும் அந்தக் கோடு துணியிலிருந்து துருத்திக்கொண்டு வரும். யானைக்கு முதன்முதலில் உடல் வரும் தருணம் அது. இதுவரை ஏதோ கோடுகளாகத் தெரிந்தவை கால்களாக மாறுவதைப் பார்த்துப் புதியவர்கள் ஊசியைக் கீழே வைக்க மறுப்பார்கள்.

பிறகு தலையும் உடலும் சேர்கின்றன: 12 நிட், 17 பர்ல், 11 நிட்; மூன்று முறை, 6 வரிசைகள். அடுத்து முதுகு வளையத் தொடங்குகிறது: 13 நிட், 15 பர்ல், 12 நிட்; இது 2 வரிசைகள் மட்டும். கடைசியாக முதுகின் உச்சியும் தலையின் உச்சியும்: 14 நிட், 6 பர்ல், 2 நிட், 5 பர்ல், 13 நிட், இதுவும் 2 வரிசைகள். யானை 24 வரிசைகளில் முடிந்தது. மேலே 10 வரிசைகள் ஸ்டாக்கினெட் வானம், அதற்குமேல் 8 வரிசைகள் நிட். கண்ணிகளை இறுக்காமல் முடித்து மூடுங்கள். மூடும் வரிசைக்கு அரை மில்லிமீட்டர் தடித்த ஊசியை எடுத்துக்கொண்டால் மேல்ஓரம் சுருங்காது. வாலை நான் பின்னுவதில்லை. சதுரம் காய்ந்த பிறகு அதே நூலில் முறுக்கிய ஒரு சிறிய துண்டைத் தைத்து, நுனியில் முடிச்சிட்டுக் குஞ்சம் விடுகிறேன். கைக்குழந்தைக்கான போர்வை என்றால் அதுவும் வேண்டாம். தொங்கும் எதையும் குழந்தைகள் வாயில் வைப்பார்கள்.

பின்னிக்கொண்டிருக்கும்போது வழக்கமாக வரும் ஒரு சிக்கல், 40 கண்ணிகள் 41 ஆவதும் 42 ஆவதும். நிட்டிலிருந்து பர்லுக்கு மாறும்போது நூலை இரண்டு ஊசிகளுக்கும் நடுவே முன்னால் கொண்டுவர வேண்டும். பர்லிலிருந்து நிட்டுக்கு மாறும்போது அதே வழியாகப் பின்னால் கொண்டுபோக வேண்டும். நடுவழியாகப் போகாமல் ஊசியின் மேலாகச் சுற்றிக்கொண்டு போனால் ஒரு கூடுதல் வளையம் ஊசியில் ஏறிவிடும், அதன் கீழே ஓர் ஓட்டையும் விழும். ஒவ்வொரு பின்பக்க வரிசையின் முடிவிலும் எண்ணிவிடுங்கள். நிட்டிலிருந்து பர்லுக்கு மாறும் இடத்தில் கடைசி நிட் கண்ணி சற்றுத் தொளதொளவென்று பெரிதாகத் தெரிவதும் இயல்பு. நூல் அங்கே கூடுதல் தூரம் பயணிக்கிறது. முதல் பர்ல் கண்ணியைப் பின்னியதும் நூலை லேசாக ஒரு இழு இழுத்துவிட்டால் சரியாகும்.

நாலைந்து வரிசை கீழே ஒரு கண்ணி மட்டும் மாறிப்போயிருப்பது தெரிந்தால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதில்லை. அந்தக் கண்ணிக்கு நேர் மேலே வரும்வரை பின்னி, அந்த ஒரு கண்ணியை மட்டும் ஊசியிலிருந்து நழுவவிடுங்கள். ஏணிப்படிபோல் அது வரிசை வரிசையாக அவிழ்ந்து இறங்கும். தவறான கண்ணி அவிழ்ந்ததும் நிறுத்தி, குரோஷா கொக்கியால் ஒவ்வொரு படியையும் முன்பக்கத்திலிருந்து வளையத்துக்குள் இழுத்து மேலேற்றினால் நிட்டாகும். துணியைத் திருப்பி மறுபக்கத்திலிருந்து அதையே செய்தால் முன்பக்கத்தில் பர்லாகும். இதை ஒருமுறை செய்து பார்த்தவருக்கு, நிட்டும் பர்லும் ஒன்றின் இரு பக்கங்கள் என்று நான் மேலே எழுதியது வெறும் விளக்கமாக இல்லாமல் விரல் நுனியில் தங்கிவிடும். சிக்கல் வந்தால் அஞ்ச வேண்டாம் என்று சொல்வதைவிட, இந்தத் திருத்தும் வழியைத் தொடக்கத்திலேயே கற்றுக்கொடுத்துவிடுவது மேல் என்று நினைக்கிறேன்.

என் அக்கா மகள் தன் சதுரத்தை முடித்ததும் மடியில் விரித்துப் பார்த்துவிட்டு, “சித்தி, எனக்கு ஒண்ணும் யானை மாதிரி தெரியலையே, ஏதோ சொரசொரன்னு இருக்கு அவ்வளவுதான்” என்று முகம் வாடிப்போனாள். “குனிஞ்சு நேரா பாக்காதம்மா. ஜன்னல் பக்கத்துல தரையில போட்டுட்டு, நாலடி தள்ளி நின்னு பாரு” என்றேன். மாலை வெயில் தரையோடு சாய்ந்து விழுந்த இடத்தில் சதுரத்தை வைத்ததும், பர்ல் முடிச்சுகள் ஒவ்வொன்றும் தன் நிழலைப் பக்கத்தில் போட்டன; முதுகு ஒரு கோடாக எழுந்தது, தும்பிக்கை தனியாகத் தொங்கியது. மாமல்லபுரத்தின் பெரிய புடைப்புச் சிற்பத்தில் இருக்கும் யானைகளைக் காலை வெயிலில் பார்ப்பதற்கும் உச்சிப்பொழுதில் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இங்கேயும். தலைக்கு நேர்மேலே எரியும் குழல்விளக்கின் கீழ் பின்னுகிறவர்கள் தங்கள் வேலை கெட்டுவிட்டதாக எண்ணிப் பிரித்துவிடுகிறார்கள். பிரிப்பதற்கு முன்பு பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள் என்பதை நான் வற்புறுத்தியே சொல்வேன்.

ஊசியிலிருந்து இறங்கிய சதுரம் சதுரமாக இருக்காது. இடுப்பு ஒடுங்கி, ஓரங்கள் நெளிந்திருக்கும். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, முறுக்கிப் பிழியாமல், ஒரு துண்டில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுங்கள். பிறகு அட்டையில் 20 சென்டிமீட்டர் சதுரம் வரைந்து, அதன்மேல் துணியைப் பரப்பி, துருப்பிடிக்காத குண்டூசிகளால் நான்கு மூலைகளையும் முதலில் குத்தி, பிறகு பக்கங்களின் நடுவில் குத்தி, நிழலில் காயவிடுங்கள். கம்பளியானால் இந்த வடிவம் அடுத்த சலவைவரை நிற்கும். வெந்நீரில் போட்டுத் தேய்த்தால் கம்பளி இறுகிக் கெட்டிப்பட்டுக் கண்ணிகளே தெரியாமல் போகும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அக்ரிலிக் நனைத்தால் ஓரளவுதான் படியும். அதற்காக யாராவது இஸ்திரிப்பெட்டியை எடுத்தால் தடுத்துவிடுங்கள். சூடான இரும்பு பட்ட கணத்தில் அக்ரிலிக் தன் துள்ளலை இழந்து தொய்ந்துவிடும், புடைப்பு முழுவதும் தட்டையாகிவிடும், அதை மீட்க வழியே கிடையாது. எந்த நூலானாலும் குத்தும்போது விறைப்பாக இழுக்கக் கூடாது. மேடு எழுந்ததே அந்தக் கண்ணிகளின் இழுவையால்தான். துணியை முழு விறைப்பில் காயவைத்தால் யானை படுத்துவிடும்.

ஒரு சதுரம் கைகூடியதும் அடுத்ததை முடிச்சுகளுக்குப் பதிலாக மாஸ் பின்னலில் பின்னிப் பாருங்கள். அதாவது, யானையின் உடலுக்குள் மட்டும் ஒன்றுவிட்டு ஒன்று நிட்டும் பர்லுமாக, அடுத்த வரிசையில் இடம்மாற்றி வைப்பது. நிட்டும் பர்லும் சம அளவில் கலந்திருப்பதால் இழுவை சமன்பட்டு, கால்கள் உள்வாங்காது. யானையின் தோல்போன்ற சொரசொரப்பும் கிடைக்கும். ஆனால் அங்கே பின்பக்க வரிசையில் தெரிவதுபோல் பின்னக் கூடாது, யானைக்குள் மட்டும் தெரிவதற்கு எதிராகப் பின்ன வேண்டும். முதல் சதுரத்தில் கண் பழகியவருக்கு இது எளிது.

யானைகளை எதிரெதிராகப் பார்க்க வைக்க வேண்டுமானால், மேலே கொடுத்த முன்பக்க வரிசைகளை எல்லாம் கடைசியிலிருந்து முதலுக்குப் படித்துப் பின்னுங்கள். 12, 12, 2, 3, 11 என்பது 11, 3, 2, 12, 12 ஆகும். போர்வையில் இடப்பக்கம் பார்க்கும் யானையும் வலப்பக்கம் பார்க்கும் யானையும் அடுத்தடுத்து வரும்போது அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்வதுபோல் அழகாக அமைகின்றன. சதுரத்தின் பின்பக்கத்திலும் ஒரு யானை இருக்கும் என்பதைச் சொல்ல மறந்துவிடக் கூடாது. முடிச்சுப் பரப்பின் நடுவே வழவழப்பான ‘வி’களால் ஆன யானை, எதிர்த்திசையைப் பார்த்தபடி. இரண்டு நிற நூல்களை மாற்றிப் பின்னும் முறையில் பின்பக்கம் நூல் இழைகள் தொங்கும். இந்தப் போர்வையை எந்தப் பக்கம் திருப்பிப் போர்த்தினாலும் பார்க்க நன்றாக இருக்கும்.

ஐந்துக்கு ஏழு என 35 சதுரங்கள் சேர்ந்தால் 100-க்கு 140 சென்டிமீட்டர் போர்வை. நான்குக்கு ஐந்து என 20 சதுரங்கள் போதும், தொட்டில் குழந்தைக்கு. ஒருவரே எல்லாவற்றையும் பின்ன வேண்டியதில்லை என்பதுதான் சதுரங்களின் பெரிய நன்மை. அமெரிக்காவில் 1991-இல் தொடங்கிய ‘வார்ம் அப் அமெரிக்கா’ இயக்கம் 7-க்கு 9 அங்குலத் துண்டுகளை ஊர் ஊராகப் பலரிடமிருந்து பெற்று, 49 துண்டுகளை ஒரு போர்வையாக இணைத்து ஏழைகளுக்கு வழங்குகிறது. சென்னையில் 2016 ஜனவரி 31 அன்று ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ குழுவினர் பல கைகள் பின்னிய துண்டுகளை இணைத்து 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷாப் போர்வையை உருவாக்கி கின்னஸில் இடம்பெற்றார்கள். அது ஒற்றைக் கொக்கியில் பின்னப்படும் வேறு கலை என்றாலும், பலர் கூடிப் பின்னுவதற்கான விதி ஒன்றுதான்: எல்லோரும் ஒரே அளவு. ஒருவர் கை இறுக்கமாகவும் மற்றொருவர் கை தளர்வாகவும் இருப்பது இயற்கை என்பதால், எல்லோருக்கும் ஒரே ஊசியைக் கொடுப்பதைவிட, 20 சென்டிமீட்டர் வரும்வரை அவரவர் ஊசியை மாற்றிக்கொள்ளச் சொல்வதே சரி. சதுரம் பெரிதாக வந்தால் 4 மில்லிமீட்டர் ஊசி, சிறிதாக வந்தால் 5 மில்லிமீட்டர்.

இணைக்கும்போது சதுரங்களின் முன்பக்கம் மேலே தெரிய அருகருகே வைத்து, மொட்டையூசியில் கோத்த அதே நூலால், ஒரு சதுரத்தின் ஓரத்து வரப்பில் (கார்ட்டர் பின்னலில் இரண்டு வரிசைக்கு ஒன்றாகத் தெரியும் மேடு) ஒரு எடுப்பு, எதிர்ச் சதுரத்தின் வரப்பில் ஒரு எடுப்பு என்று மாறிமாறித் தையுங்கள். 60 வரிசைகளில் ஒவ்வொரு பக்கத்திலும் 30 வரப்புகள் இருக்கும் என்பதால் வரப்புக்கு வரப்பு சரியாக ஒட்டும். மேல்கீழ் ஓரங்களில் 40 கண்ணிக்கு 40 கண்ணி. முதலில் கிடைவரிசைகளைத் தனித்தனிப் பட்டைகளாக இணைத்துவிட்டு, பிறகு பட்டைகளை ஒன்றோடொன்று நீளமாகத் தைத்தால் மூலைகள் தப்பாமல் சந்திக்கும். தொடக்கத்திலும் முடிவிலும் விடும் நூல்வால்களை 15 சென்டிமீட்டருக்குக் குறையாமல் விட்டு, கார்ட்டர் ஓரத்துக்குள்ளேயே போகவும் வரவும் இரண்டு திசையில் ஓட்டி மறைத்துவிடுங்கள். யானை இருக்கும் பரப்புக்குள் நூல்வாலை ஓட்டினால் அந்த இடம் தடித்து, முன்பக்கத்தில் இல்லாத ஒரு மேட்டைக் காட்டும்.